புல்லு மெதுவானதாலதான் வயசானவங்க விம்பிள்டன்ல ஓட்டுறாங்களா?

கொருக்குப்பேட்டை டாப்ஸ்பின்:
ஜோகோவிச் 38 வயசுல 2025 அரையிறுதி வரைக்கும் வந்து சின்னர்கிட்ட 6-3, 6-3, 6-4ன்னு தோத்தார். 2023, 2024 ரெண்டுலயும் ஃபைனல். ஃபெடரர் 2017ல 35 வயசுல ஒரு செட்டு கூட விடாம கப்பு வாங்கினார். ஃபிட்னஸ், சாப்பாடுன்னு ஆளாளுக்குப் பேசுறீங்க. புல்ல யாரும் பாக்கல. முன்னாடி 70 சதவீதம் ரை, 30 சதவீதம் ஃபெஸ்க்யூ, ரெண்டும் புல்லு வகை. 2001ல மாத்தி நூத்துக்கு நூறு ரை ஆக்கிட்டாங்க. 2001 ஃபைனல்ல இவானிசெவிச், ராஃப்டர், ரெண்டு பேருமே சர்வ் போட்டதும் நெட்டுக்கு ஓடுறவங்க. 2002ல ஹெவிட், நல்பாண்டியன், ரெண்டு பேருமே பேஸ்லைன் ஆளுங்க, அதாவது கோர்ட்டோட பின் கோட்டுலயே நின்னு ஆடுறவங்க. பந்து நின்னு வருது, பெரிசுங்க பொழச்சிக்கினாங்க. அவ்ளோதான்.

பெரம்பூர் வாலி:
பாதிதான் சரி தலைவா. ரைக்கு மாத்தினது தேய்மானத்துக்காக. ரெண்டு வாரம் மிதி வாங்கினாலும் அந்தப் புல்லு தாங்கும். வெட்டுற உயரம் 1995லேர்ந்து அதே 8 மில்லிமீட்டர். பந்து எழும்புறத முடிவு பண்றது அடியில இருக்கற களிமண்ணு எவ்ளோ காஞ்சு இறுகியிருக்குன்றதுதான். தரை மெத்துன்னு இருந்தா பந்து கணுக்காலுக்குக் கீழயே போவும், இறுகிட்டா இடுப்புக்கு வரும். புல்லு மேல உராய்வு கம்மி, அதனால வழுக்கிக்கினு வர்ற வேகம் இன்னைக்கும் பெருசா குறையல. உசரமா எழும்புறதாலதான் எதிராளிக்கு ரெண்டாவது அடி எடுத்து வைக்க நேரம் கெடைக்குது, நமக்கு அது ‘ஸ்லோ’ன்னு தெரியுது.

அப்புறம் உன் கணக்கே தலைகீழ். பந்து நின்னு வந்தா ராலி, அதான் ஒரு பாயிண்டுக்கு மாத்தி மாத்தி அடிக்கறது, நீளும். ராலி நீண்டா மொதல்ல மூச்சு வாங்கறது யாரு, 22 வயசு பையனா, 37 வயசு ஆளா? பழைய வேகப் புல்லுதான் வயசானவங்களுக்கு வசதி. ரோஸ்வால் 1974ல 39 வயசுல ஃபைனல் ஆடினார். கோன்சாலஸ் 1969ல 41 வயசுல பசரெல்ன்றவர 22-24, 1-6, 16-14, 6-3, 11-9ன்னு ஜெயிச்சார். 112 கேமு!

கொருக்குப்பேட்டை டாப்ஸ்பின்:
ரோஸ்வால் அந்த ஃபைனல்ல கானர்ஸ்கிட்ட 6-1, 6-1, 6-4 வாங்கினத ஏன் முழுங்கிட்ட? வேகப் புல்லு வசதின்னா எட்பர்க் ஏன் 30 வயசுலயே ஆட்டத்த நிறுத்தினார்? பெக்கர் ஏன் 31ல? சாம்ப்ரஸ் 2002ல விம்பிள்டன் ரெண்டாவது ரவுண்டுலயே பாஸ்டில்ன்றவருகிட்ட தோத்தார்.

பெரம்பூர் வாலி:
அதே சாம்ப்ரஸ் ரெண்டு மாசம் கழிச்சு யு.எஸ். ஓப்பன் ஜெயிச்சுட்டுப் போனார். அதுவும் 31 வயசுலதான். காலு போச்சுன்னு சொல்ல முடியுமா?

நெட்டுக்கு ஓடுறவன காலி பண்ணது புல்லு இல்ல, ராக்கெட்டுல கட்டுற பாலியெஸ்டர் ஸ்ட்ரிங். முழுசா வீசினாலும் பந்து நெட்டத் தாண்டினதும் கீழ முங்கும். வாலி அடிக்க, அதான் பந்து தரையில படறதுக்கு முன்னாடியே அடிக்க வந்தவன் செருப்புகிட்டயிருந்து தோண்டி எடுக்கணும். ஃபெஸ்க்யூவத் திருப்பிக் கொண்டாந்து போட்டாலும் இது மாறாது. நம்ம ராமநாதன் கிருஷ்ணன எடுத்துக்கோ. பெரிய சர்வ் கெடையாது, அந்தப் பழைய புல்லுலயே 1960, 61 ரெண்டு வருஷமும் அரையிறுதி. ரெண்டு தடவையும் அவர ஜெயிச்சவங்கதான் (ஃப்ரேசர், லேவர்) கப்பும் வாங்கினாங்க. கை பேசினா எந்தப் புல்லா இருந்தா என்ன.

காசிமேடு ஸ்லைஸ்:
அண்ணே ரெண்டு பேரும் காலண்டர விட்டுட்டீங்க. 2001ல சீடு, அதான் ஒருத்தர ஒருத்தர் சீக்கிரமே மோதாம பிரிச்சுப் போடுற முன்னணி ஆளுங்க, 16லேர்ந்து 32 ஆச்சு. பெரிய ஆளுங்க மூணாவது ரவுண்டு வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே தேவையில்ல. 2015லேர்ந்து பிரெஞ்சு ஓப்பனுக்கும் விம்பிள்டனுக்கும் நடுவுல ரெண்டுக்கு பதிலா மூணு வாரம். களிமண் கோர்ட்ல வாங்குன அடி ஆற அந்த ஒரு வாரம் எவ்ளோ பெருசு! 2009ல சென்டர் கோர்ட்டுக்குக் கூரை வந்துச்சு, அங்க ஆடுறவனுக்கு மழையில நின்னு நின்னு ஆடுற கொடுமை போச்சு. அஞ்சாவது செட்டுக்கு 2019லேர்ந்து 12-12ல டை பிரேக், 2022லேர்ந்து 6-6லயே பத்துப் பாயிண்ட். இஸ்னர், மஹுத் மாதிரி 70-68 இனிமே நடக்காது. ஜோகோவிச் 2024 ஜூன்ல முட்டிக்குள்ள இருக்கற மெனிஸ்கஸ்ன்ற குருத்தெலும்புக்கு ஆபரேஷன் பண்ணிக்கினு ஆறு வாரத்துக்குள்ள ஃபைனல் ஆடினார்னா இதெல்லாம் சேர்ந்துதான்.

புல்லு வயசானவங்கள பதம் பாக்கறது மொத ரெண்டு மூணு நாள்தான். இலையில ஈரம் இருக்கும், கூரை மூடினா இன்னும் மோசம். 2021ல ஒரே நாள்ல அதே சென்டர் கோர்ட்ல மன்னாரினோவும் செரீனாவும் வழுக்கி மேட்ச்ச விட்டாங்க. அப்ப நீட்டி ஓடக்கூடாது. பந்துகிட்ட வந்ததும் சின்னச் சின்ன அடி, எடை ரெண்டு கால்லயும் இருக்கணும், திரும்பறப்போ முட்டி மடங்கியிருக்கணும். ஷூவுக்கு அடியில ரப்பர் குமிழ் இருக்கறதும் அதுக்குத்தான். இரண்டாவது வாரத்துல பேஸ்லைன் மொட்டையாயிடும், புடி நல்லா கெடைக்கும், ஆனா பந்து கண்ட மேனிக்குத் திரும்பும்.

தண்டையார்பேட்டை புதுசு:
சார், அதே ரைய நம்ம ஏரியா கிரவுண்டுல போட்டா வராதா?

காசிமேடு ஸ்லைஸ்:
வராது தம்பி. அது குளிர்ப் பிரதேசத்துப் புல்லு, நம்ம மே மாசத்த தாங்காது. இங்க அருகம்புல் ஜாதிதான், பெர்முடான்னு விக்கறாங்களே அது. படர்ந்து போவும், நம்ம பக்கத்து உப்புத் தண்ணியையும் ஓரளவு தாங்கும். அடியில ஜல்லி, மேல களி கலந்த மண்ணு, ஒரு பக்கமா லேசா சரிவு. சரிவு இல்லன்னா ஐப்பசி மழையோட கதை முடிஞ்சுது. ரோலர் ஓட்டுறப்போ மண்ணு அரை ஈரமா இருக்கணும். சொதசொதன்னு இருக்கறப்போ ஓட்டினா மேல தகடு மாதிரி இறுகிடும், வேர் மூச்சு முட்டி மஞ்சளாயிடும். காஞ்சப்புறம் ஓட்டினா டீசல்தான் வேஸ்ட்டு.

கொருக்குப்பேட்டை டாப்ஸ்பின்:
சீடு, மூணு வாரம் ரெண்டும் ஒத்துக்கறேன். ஆனா வாலி அண்ணே, ஸ்ட்ரிங்தான் காரணம்னா அது எல்லா கோர்ட்டுக்கும் ஒண்ணுதானே? 2019 ஃபைனல்ல ஜோகோவிச்கூட 4 மணி 57 நிமிஷம் ஃபெடரர் 37 வயசுல பேஸ்லைன்ல நின்னு ஆடினார், ரெண்டு மேட்ச் பாயிண்ட் வரைக்கும் போனார். 90ல இருந்த தரையில அவ்ளோ ராலி வருமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பெரம்பூர் வாலி:
வராது. ஆனா அதே மேட்ச்ச 90ல இருந்த தரையில ஆடியிருந்தா, கடைசி செட்டுல அந்த 8-7ல ஃபெடரரோட சர்வே போதும், கப்பு அவருக்கு. இப்ப சொல்லு, தரை மாறினது எந்தப் பெரிசுக்கு நல்லது பண்ணுச்சு?