ஏழாவது பசங்களுக்கு ஃப்ரெஞ்ச்: எழுதுறாங்க, ஆனா வாயே தொறக்க மாட்றாங்க

காட்பாடி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம், காட்பாடி பக்கம் ஒரு ஸ்கூல்ல இந்த வருஷம்தான் ஃப்ரெஞ்ச் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், ஏழாவது, 42 பசங்க, வாரத்துக்கு மூணு பீரியடு. வெர்ப் எல்லாம் நோட்டுல அச்சடிச்ச மாதிரி எழுதுறாங்க, ஆனா உன் பேர் என்னன்னு ஃப்ரெஞ்ச்ல கேட்டா பக்கத்துல இருக்கறவன் மூஞ்சிய பாக்குறாங்க. 70க்கு மேல நம்பர் சுத்தமா வரல. ப்ரொஜெக்டர் பாதி நாள் வேலை செய்யாது, அதனால சாக்பீஸ் போர்டு வெச்சே செய்யற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.

பாலாத்து மணல்:
மேடம், மார்க்கெட் விளையாட்டு வைங்க. நாலு பேர கடைக்காரங்களா உக்கார வெச்சிடுங்க, விலை எல்லாம் 70லேர்ந்து 99க்குள்ள மட்டும்தான் இருக்கணும், அதுலதான் சூட்சுமமே. வாங்க வர்றவன் "செ கோம்பியான்"னு (எவ்வளவுன்னு) கேக்கணும், கடைக்காரன் விலைய தப்பா சொன்னா கடை கைமாறிடும். 97ன்னா காத்ர வான் தீஸ் செத், போர்டுல 4×20+10+7னு கணக்காவே போட்டுடுங்க. இது என்ன லூசுத்தனம்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான், நம்ம தொண்ணூறுக்குள்ள நூறு உக்காந்திருக்கே அது மட்டும் என்னன்னு திருப்பி கேளுங்க. ஸ்விஸ்காரங்க 90க்கு நோனான்த்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க, ஆனா அத இப்பவே சொல்லிடாதீங்க, மறுநாளே எல்லாரும் ஸ்விஸ்காரனா மாறிடுவானுங்க 😄

குடியாத்தம்காரன்:
விளையாட்டெல்லாம் சரிதான், ஆனா இங்கிலீஷ் வழியா சொல்லிக் குடுத்தா பசங்க இன்னா பண்ணுவாங்க மேடம்? தூ, வூ ரெண்டுக்கும் "யூ"ன்னு எழுதிப் போட்டா எத எப்ப சொல்றதுன்னு எப்டி தெரியும், நம்மகிட்டதான் நீ, நீங்க ரெடியா கீதே. ஒருத்தன் கண்டக்டர், ஒருத்தன் ஃப்ரெண்டு, ஒருத்தன் டாக்டர்னு நிக்க வெச்சு பேச விடுங்க. ஒண்ணு மட்டும் இடிக்கும், அங்க பொதுவா தாத்தாவையும் தூன்னுதான் சொல்வாங்க, நம்ம ஊர்ல சொன்னா முதுகுல ஒண்ணு விழும்.

ஆரணி ரோடு:
நான் பாண்டில ஃப்ரெஞ்ச் படிச்சவ. என் முதல் கிளாஸுக்கு கையில கொஞ்சம் வெட்டிவேர் எடுத்துட்டு போவேன், வேலூர் வெயில்ல பானைத் தண்ணில போடறோமே அதேதான். ஃப்ரெஞ்ச்ல அதுக்கு வெத்திவேர், நம்ம வார்த்தைதான் அங்க போயிருக்கு, கட்டுமரமும் அப்டித்தான் கதமரான் ஆச்சு. இத கேட்டதும் பசங்க முகமே மாறிடும், நமக்கு தெரிஞ்ச பாஷைதான் போலன்னு ஒரு தெம்பு வரும். அப்டியே ஆண்பால் பெண்பாலுக்கு போயிடலாம்: லு (ஆண்பால்) வார்த்தை சொன்னா எழுந்து நிக்கணும், லா (பெண்பால்) சொன்னா உக்காரணும். வெத்திவேர் லு, மாங்கா லா. ஏன் மிஸ்னு கேட்டா காரணமெல்லாம் கெடையாதுன்னு சொல்லிடுங்க, நானும் ஆரம்பத்துல விளக்கம் சொல்லப் போய் மாட்டிக்கிட்டேன். லு ஒரு சுவருக்கு லா ஒரு சுவருக்குன்னு ஓட மட்டும் விடாதீங்க, ஹெச்எம் வந்து நிப்பாங்க (அனுபவம்!). அப்புறம் கடைசி எழுத்து முழுங்கறதுக்கு ரோட்டுல ஓடற ரெனால்ட் கார் போதும், எல்லும் டியும் போயி ரெனோ.

காட்பாடி டீச்சர்:
இன்னிக்கு மார்க்கெட் வெச்சுப் பாத்தேன், சத்தம் தாங்காம பக்கத்து கிளாஸ் கணக்கு சார் வந்து எட்டிப் பாத்துட்டு போனாரு. வாயே தொறக்காத ஒரு பொண்ணு 95 ரூபா கத்திரிக்காய 72க்கு கேட்டு சண்டை போட்டா, "ட்ரோ ஷேர்"னு (விலை ரொம்ப ஜாஸ்தின்னு) நான் ஒரே ஒரு தடவதான் சொல்லிக் குடுத்தேன், அதையே புடிச்சிக்கிட்டா. கடைசில கருவேப்பில கொசுறு வேணும்னு நின்னுட்டா. கொசுறுக்கு ஃப்ரெஞ்ச்ல என்னங்க?