புதுப்பிப்பு: அமெரிக்கப் பொது நூலகப் பணியாளர்களின் முதல் தொழிற்சங்கம் எது?

முன்பு நான் கேட்ட இந்தக் கேள்விக்கு உதவிய அனைவருக்கும் நன்றி. நூலக வரலாறுகளை விட்டுவிட்டு, அமெரிக்க நூலகச் சங்கத்தின் பழைய மாநாட்டு நடவடிக்கைகளைத் தேடுமாறு ஒருவர் சொன்ன யோசனையே பயன் தந்தது.

விடை, 1917-இல் நியூயார்க் பொது நூலகப் பணியாளர்கள் தொடங்கி, அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்புடன் இணைத்த தொழிற்சங்கம். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மாட் மலோன் என்ற நூலகப் பணியாளர் அதன் முன்னணியில் இருந்தார்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. ஊதியம் மட்டுமே அவர்களுடைய கோரிக்கை என்று எண்ணியிருந்தேன். ஆனால், நூலகப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் உயர்பதவிகள் ஆண்களுக்கே போவதைக் கண்டித்து, 1919-ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் ஆஸ்பரி பார்க் நகரில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் இத்தொழிற்சங்கத்தினர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தனர். அது 121-க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. பெண்கள் நிறைந்த ஒரு தொழிலின் மாநாட்டில் இப்படி நடந்தது என்பதை இன்னும் என்னால் ஏற்க இயலவில்லை.

இதே கேள்வியுடன் வருவோர் 1919-ஆம் ஆண்டு மாநாட்டிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.