மழைக்கு ஜன்னலைச் சாத்துகிற பழக்கம் அங்கே ஆகாது

களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் இங்கிலாந்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி பக்கத்து வீட்டுத் தங்கச்சி லீட்ஸிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள், கட்டிலுக்குப் பின்னால் சுவர் மூலை முழுக்கக் கறுப்புப் புள்ளி. "அண்ணா, ஜன்னலை இறுக்கிச் சாத்தித்தான் வைக்கிறேன், அப்பவும் கூடிட்டே போகுது" என்றாள்.

சாத்துவதால்தான் கூடுகிறது. நம் ஊரில் இரண்டு மழையிலும் ஓதம் வெளியிலிருந்து வரும், ஓடு ஒழுகும், சுவர் ஊறும், பூப்பல் பிடிக்கும், அதனால் மழை என்றாலே சாத்திப் பழகிவிட்டோம். அங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் ஈரம் வீட்டுக்குள்ளேதான் உண்டாகிறது. கஞ்சி கொதிக்கிற ஆவி, மரச்சீனி அவிக்கிற ஆவி, சுடுதண்ணீர்க் குளியல், அறைக்குள் காயப்போடும் துணி, நாம் விடும் மூச்சு உட்பட எல்லாம் காற்றில் நிற்கும், குளிர்ந்த கண்ணாடியிலும் வெளிச்சுவர் மூலையிலும் பட்டதும் தண்ணீராக இறங்கிவிடும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பூக்கிறது.

ஆகவே சமைக்கும்போது மூடி போடுங்கள், ஆவியை வெளியே இழுக்கும் ஃபேனைப் போட்டுச் சமையலறைக் கதவைச் சாத்துங்கள், குளித்ததும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஜன்னல் மேலே உள்ள சின்னக் காற்றுத் துளையைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கையகலம் இடம் விடுங்கள். காசு மிச்சம் என்று ஹீட்டரை முழுக்க அணைத்துவிடுவதும் தப்பு, சுவர் சில்லிட்டால் ஈரம் அங்கேதான் போய் உட்காரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்குங்கள், 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது.

இருக்கிற கறுப்பைக் காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். கையுறை, மாஸ்க் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். வீசிங் இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவேண்டாம்.

ஆனால் எல்லா ஓதமும் நம் சமையலால் வருவதில்லை, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு விரியும் பழுப்புக் கறை என்றால் ஒழுக்கு. தரையிலிருந்து மேலேறி உப்புப் பூத்த கோடு என்றால் அடிச்சுவர் பிரச்சினை. என் முதல் வீட்டில் "நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள்" என்றே ஏஜென்ட் இரண்டு மாதம் சொன்னார், நானும் வெட்கப்பட்டு நம்பினேன், கடைசியில் பார்த்தால் வெளியே மழைநீர்க் குழாய் உடைந்திருந்தது. அப்படியானால் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். தேதியோடு போட்டோ எடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை வீடு ஆள் வசிக்கத் தக்கதாக இருக்கவேண்டும், ஓதமும் அந்தக் கணக்கில் வரும். வீட்டுக்காரர் அசையாவிட்டால் உங்கள் ஊர்க் கவுன்சிலில் (நம்மூர் நகராட்சி மாதிரி) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். கவுன்சிலே வாடகைக்கு விட்ட வீடு என்றால் 2025 அக்டோபரிலிருந்து அவாப் சட்டம் இருக்கிறது. ராச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் இருந்து இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையின் பெயர் அது. உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்தில் பார்க்க வேண்டும்.

சாவி வாங்குகிற அன்றைக்கே அலமாரியை நகர்த்திப் பின்சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டை விடும்போது டெபாசிட்டில் பிடித்தம் செய்ய வந்தால் அதைத்தான் காட்ட முடியும்.