மாமா கனடாவிலிருந்து வருகிறார், பற்றறி மெசின் எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

கொக்குவில்காரன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, ஓய்வு கிடைக்கும்போது சின்னச் சின்ன மர வேலை செய்கிறேன், புத்தகத் தட்டு, ஸ்டூல், கோழிக்கூடு இப்படி. கையில் இருப்பது கைவாள், உளி, சீவுளி, ஒரு பழைய வயர் ட்ரில். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் மாமா "என்ன வேணும், சொல்லு" என்கிறார். அங்கே ட்ரில், இம்பாக்ட் ட்ரைவர் (ஸ்க்ரூ முடுக்கும் மெசின்), வட்ட வாள் மூன்றையும் பற்றறியோடு ஒரே பையில் போட்டு மலிவாக விற்கிறார்களாம். அதை அப்படியே வாங்கி வரச் சொல்லலாமா? கொட்டிலில் கரண்ட் இல்லை, வீட்டிலிருந்து வயர் இழுத்துத்தான் வேலை. மரம் பெரும்பாலும் வேம்பும் பழைய பனஞ்சிலாகையும்தான், எப்போதாவது மரக்காலையில் கொஞ்சம் முதிரை வாங்குவேன்.

வயர்மேன்:
மெசின் பிறகு, முதலில் சார்ஜரைப் பாருங்கள் தம்பி. கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. லாப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் அப்படித்தான் என்று இருந்துவிடக் கூடாது, அங்கே இந்த மெசின்களோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 120க்கு மட்டும். பிளக்கை மாற்றி இங்கே செருகினால் புகைதான் வரும். மெசினிலும் பற்றறியிலும் அந்தச் சிக்கல் இல்லை. மகிட்டா கொம்பனியின் 18 வோல்ற் பற்றறி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். டிவால்ட் அங்கே 20 என்று எழுதி விற்பதும் ஐரோப்பாவில் 18 என்று விற்பதும் ஒரே சங்கதி: உள்ளே 3.6 வோல்ற் செல் ஐந்து வரிசையாக இருக்கிறது, நிறையச் சார்ஜ் ஏறியதும் அளந்தால் 20ஐத் தாண்டிக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் போஷ் என்றால் கவனம், நீல நிற மெசினும் பச்சை நிற மெசினும் 18 வோல்ற்தான், ஒன்றின் பற்றறி மற்றதில் ஏறாது.

ஆகவே மெசினும் பற்றறியும் கனடாவிலிருந்து வரட்டும், அதே கொம்பனியின் 230 வோல்ற் சார்ஜரை இங்கே வாங்குங்கள், இல்லாவிட்டால் லண்டனில் யாரும் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். லண்டன் என்றதும் இன்னொன்று. அங்கே கட்டட வேலைத்தளங்களில் பாவிக்கும் மஞ்சள் பிளக் மெசின் 110 வோல்ற், மலிவாகக் கிடைக்கிறது என்று அதை அனுப்பிவிடுவார்கள், இங்கத்தைய 230க்கு அது சரிவராது.

விமானத்தில் தனிப் பற்றறியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டிக்குள் போட விடமாட்டார்கள். கணக்கு லேசு, பற்றறியில் எழுதியிருக்கும் வோல்ற்றை ஆம்ப்-அவரால் (Ah) பெருக்குங்கள், வாட்-அவர் வரும். 100 வாட்-அவர் வரை பிரச்சினை இல்லை. 18 வோல்ற், 5 ஆம்ப்-அவர் என்றால் 90, சரி. 6 என்றால் 108, விமானக் கொம்பனியிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். மாமாவிடம் 5க்கு மேல் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

ஓடாவிவீட்டுப்பெடியன்:
வயர்மேன் அண்ணை சொன்னது சரி, ஆனால் எனக்கு அந்த வட்ட வாளில் மனம் ஒப்பவில்லை. 165 மில்லிமீற்றர் பிளேட் போட்ட பற்றறி வாள் நேர் வெட்டில் கிட்டத்தட்ட 55 மில்லிமீற்றர் இறங்கும், பலகைக்கும் பிளைவுட்டுக்கும் தாராளமாகக் காணும். முதிரையை நீளவாக்கில் கிழிக்கப் போனால் பற்றறி கண்முன்னே இறங்கும். நீங்கள் எப்படியும் வயர் இழுக்கிறீர்கள், அதே காசுக்கு இங்கேயே 230 வோல்ற் வயர் வாள் ஒன்று எடுக்கலாம். சாண்டரும் அப்படித்தான், ஓயாமல் சுற்றுவதெல்லாம் பற்றறியைக் குடித்துவிடும். ட்ரில், இம்பாக்ட் ட்ரைவர், வேண்டுமென்றால் ஜிக்சோ (வளைவாக அறுக்கும் சின்ன வாள்), இவை பற்றறியில் இருந்தால் சுகம், ஏணியில் நின்று சிலாகைக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது வயர் காலில் சிக்காது. பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளதாகக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூட, ஆனால் ஒரே சார்ஜில் கூடுதல் வேலை செய்யும்.

பனைக்குக் கார்பைட் பல் பிளேட்தான். வைரம் பாய்ந்த கறுப்பு நார் சாதாரணப் பல்லை மழுங்கடித்துவிடும். பழைய கூரைச் சிலாகை என்றால் முதலில் ஆணியைத் தேடிப் பிடுங்குங்கள். அப்புறம், இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மரம் வெட்டும் பல் பிளேட்டைப் போட்டு அறுக்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பாதுகாப்பு மூடியைக் கழற்றி, ஒற்றைக் கையில் பிடித்து... பிளேட் மரத்தில் சிக்கினால் மெசின் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

கொக்குவில்காரன்:
நன்றி அண்ணைமார். அப்போ வாளை விட்டுவிட்டு ட்ரிலும் இம்பாக்ட்டும், 5 ஆம்ப்-அவர் பற்றறி இரண்டும். டவுனில் ஒரு கடையில் "88 வோல்ற்" என்று எழுதிய செட் பார்த்தேன், விலை பாதிக்கும் குறைவு. அது எப்படி?

வயர்மேன்:
அந்த 88 வெறும் எழுத்து. பற்றறி வடிவம் 18 வோல்ற் மெசினில் ஏறுகிறது என்றால் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான். கையில் தூக்கிப் பாருங்கள். வழக்கமான செல் ஒன்று சுமார் 45 கிராம். பெரிய கட்டி என்றால் பத்துச் செல், கோதும் சேர்த்து 600 கிராமைச் சுற்றி வர வேண்டும். பெரிதாக இருந்தும் பாரமில்லை என்றால் உள்ளே ஐந்துதான், மிச்சம் காற்று. கோழிக்கூட்டுக்கு நாலு ஸ்க்ரூ முடுக்க அது போதும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் சார்ஜரை இரவு செருகிவிட்டுப் படுக்காதீர்கள்.

கொட்டில் தகரக் கூரையா? அப்படியானால் பற்றறியை வீட்டுக்குள் வையுங்கள். 40 பாகைக்கு மேல் சார்ஜ் போட வேண்டாம் என்றுதான் கொம்பனிக்காரனே எழுதியிருக்கிறான், சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அது பத்து மணிக்கே வந்துவிடும்.