பஸ்ஸைக் கட்டியவர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

பஸ் ஓட்டியவர்களைப் பற்றியும் நடத்துநர்களைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பஸ்ஸைக் கட்டியவர்களை யாராவது பார்த்துப் பேசியிருந்தால் எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

ஆறேழு வருஷத்துக்கு முன், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வாடகை பஸ்ஸில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். கரூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கடைசி சீட்டை விரும்பிக் கேட்டு உட்கார்ந்தார். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவர் ஜன்னல் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, "என்னங்கய்யா, குமட்டுதுங்களா?" என்றேன்.

"இல்ல தம்பி. மூட்டு பேசுதான்னு பாக்கறேன். இது எங்க பட்டறையில கட்டுன வண்டி."

மேலே போய்ச் சேரும் வரை நான் அவரை விடவில்லை. வளைவில் திரும்பும்போது சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும். அதன் மேலே பட்டறையில் கட்டுகிற கூண்டு கொஞ்சமும் இசைந்து கொடுக்காமல் விறைப்பாக இருந்தால், ஜன்னல் மூலையில் விரிசல் விட்டுவிடும். அதனால் சேசிஸுக்கும் கூண்டுக்கும் நடுவே அண்டைக் கட்டை கொடுத்து யூ போல்ட்டால் இறுக்குவார்களாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி மலை வண்டிக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வளைவில் வால் போய் உரசும். இதையெல்லாம் அவர் தன் கையை மடக்கி, முறுக்கிக் காட்டியே விளக்கினார். படம் போட்டுச் சொன்னாலும் எனக்கு அவ்வளவு புரிந்திருக்காது.

அவருடைய அப்பா மாட்டு வண்டி செய்தவர். அந்த மர வேலைதான் பஸ்ஸுக்கு வந்தது. முதலில் மரச் சட்டம், அப்புறம் இரும்புக் குழாயும் அலுமினியத் தகடும். அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் மரம், ஒருவர் தகரம், ஒருவர் கணக்கு. 1972இல் பெரிய பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் நம் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. பெரிய முதலாளிகள் போய்விட்டால் வேலை நின்றுவிடும் என்று வீட்டில் பயந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த சின்ன ஓனர்கள் தப்பினார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் அவர்கள்தான் ஒருவரை ஒருவர் மிஞ்சுகிற மாதிரி வண்டி கட்டச் சொல்லி வந்து நின்றார்கள். பட்டறை பிழைத்தது அவர்களால்தான் என்றார்.

இப்போது பேரன் கம்ப்யூட்டரில் வரைகிறார். பஸ் கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற ஏஐஎஸ் 052 என்ற விதி வந்த பிறகு அவசர வழி, சீட்டின் பலம், நடைபாதை அகலம் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருந்தாக வேண்டும். "நல்ல விதிதான் தம்பி, உசுரு போற விஷயம்" என்றார். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடிய பட்டறைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். அப்போது மட்டும் குரல் தாழ்ந்துவிட்டது.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

உங்கள் பெரியவரிடம் சேசிஸைக் கொண்டுபோய் ஒப்படைத்தவர் என் அப்பாவாகவும் இருக்கலாம். ஒசூர் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து கரூருக்கு வெறும் சேசிஸ் ஓட்டுவதுதான் அவர் வேலை. கூரை கிடையாது, கதவு கிடையாது. பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் எல்லாம் தாண்டி வருவார். தொப்பூரில் மழை பிடித்தால் உரச் சாக்கைப் போர்த்திக்கொள்வாராம். நானும் அம்மாவும் தூக்குப்போசியோடு பைபாஸில் காத்து நிற்போம். முகமெல்லாம் புழுதி அப்பியிருக்கும், சிரித்தால்தான் அப்பா என்று தெரியும்.

அசோக் லேலண்ட் என்ற பெயரில் உள்ள அசோக் யார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். 1948இல் அசோக் மோட்டார்ஸை ஆரம்பித்த ரகுநந்தன் சரணுடைய மகன். எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்தான் பூட்டினார்கள். 1955இல்தான் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி சேர்ந்தது. "மகன் பேர்ல கம்பெனி வெச்சாரு, நான் மகளுக்காக ஓட்டறேன்" என்பார். கரூர்ப் பட்டறை வீட்டு அம்மா, வண்டி உள்ளே நுழைந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்களாம். கையெழுத்தெல்லாம் சாப்பிட்ட பிறகுதான்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து (சொந்த ஊர் ஆத்தூர்):

இங்கே பெல்ஜியத்திலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. 1947இல் லியர் ஊருக்குப் பக்கத்தில், கோனிங்ஸ்ஹோய்க்ட் என்ற கிராமத்தில் பெர்னார்ட் வான் ஹோல் பஸ் கட்ட ஆரம்பித்தார். பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 1957இல் இத்தாலியின் ஃபியட்டோடு ஒப்பந்தம் போட்டு அவர்களுடைய இன்ஜினை வாங்கினார்கள். அமெரிக்கா வரைக்கும் வண்டி போனது. நான் பாரிஸுக்குப் போன பஸ்ஸும் வான் ஹோல்தான். முன்பக்கத்திலேயே பெயர் பளிச்சென்று இருந்தது.

2024 ஏப்ரலில் அந்தக் கம்பெனி திவாலானது. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் அப்பா அங்கே வெல்டராக இருந்தவர். அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை. பஸ் பகுதியை நெதர்லாந்தின் விடிஎல் வாங்கியது, அதுவும் ஒரு குடும்பம் தொடங்கிய கம்பெனிதான். ஆனால் அந்தக் கிராமத்துக்கு அது ஆறுதலாக இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். நம்மூரில் முகப்பில் சேசிஸ் கம்பெனியின் பெயர்தானே பெரிதாகத் தெரிகிறது? அந்தப் பெரியவரின் பட்டறைப் பெயர் வண்டியில் எங்காவது இருந்ததா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

இருந்தது. மலையிலிருந்து திரும்பி வந்து இறங்கும்போது அவரே காட்டினார். படிக்கட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. ஓனர் புதுசாகப் பெயின்ட் அடித்தபோது அதன் மேலும் அடித்துவிட்டார்கள். பெரியவர் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். அவர் அப்பா பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. பின்னால் இறங்க நின்றவர்கள் அவசரப்படவே, அதோடு விட்டுவிட்டு இறங்கினார்.