அமீகா 500க்கு 23 பின் கனெக்டர் யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம். மாமா வீட்டு ஸ்டோர்ரூமைக் காலி பண்ணப்போ ஒரு அமீகா 500 (1980கள் காலத்துப் பழைய ஹோம் கம்ப்யூட்டர்) கிடைச்சுது. ஆன் பண்ணினா லைட் எரியுது, ஃப்ளாப்பி டிரைவ் டிக் டிக்னு அடிக்குது. மானிட்டர் கேபிள் மட்டும் இல்லை.

வீடியோ போர்ட் 23 பின் டி-சப் (D வடிவ மெட்டல் ஷெல் உள்ள கனெக்டர்). மெஷின்ல ஆண் (ஊசி உள்ளது), அதனால எனக்கு வேண்டியது பெண் (துளை உள்ளது). சிங்கப்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற சிம் லிம் டவர்ல கேட்டா 25 பின்னை எடுத்து நீட்டுறாங்க. பழைய சாமான் விக்கிற சுங்கை ரோடு சந்தையாவது இருந்திருக்கணும், அதையும் 2017ல மூடிட்டாங்க.

25 பின்னோட ஒரு ஓரத்தை அறுத்தா மேல 12, கீழ 11னு சரியா வரும், தெரியும். ஆனா அந்தப் பக்கம் மெட்டல் ஷெல் போயிடும், பிடிப்பு இருக்காது. கடைசி வழியா வச்சிருக்கேன்.

ஒண்ணு கவனிங்க: அமீகா வெளி டிரைவோட கேபிள் முனையும் 23 பின்தான், ஆனா ஆண், உதவாது. சில டிரைவ்ல அடுத்த டிரைவைச் சொருகப் பின்னால ஒரு பெண் கனெக்டர் இருக்கும். அது போதும், டிரைவ் செத்திருந்தாலும் பரவாயில்லை, ஈயத்தை உருக்கி நானே கழட்டிக்குவேன்.

தெரிஞ்ச கரங்குனி (வீடு வீடா பழைய சாமான் வாங்குறவர்) அண்ணன் யாராவது பழைய கம்ப்யூட்டர் எடுப்பவரா இருந்தாலும் சொல்லுங்க. எந்த எம்ஆர்டி ஸ்டேஷனா இருந்தாலும் நேர்ல வந்து காசு கொடுத்து வாங்கிக்கிறேன்.