காற்றை விடுவது வதந்தியா?

சொல்தேடி:
ஹாங்காங் அரசியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். கான்டனீஸ் பேச்சுவழக்கில் ‘ஃபோங் ஃபுங்’ என்று வருகிறது. நேர்ப்பொருள், காற்றை விடுதல். “அரசு வதந்தி பரப்பியது” என்று எழுதிவிட்டேன். சரிதானே?

கவுலூன்வாசி:
தவறு. வதந்திக்குத் தாய் தகப்பன் கிடையாது. இந்தக் காற்றை விடுபவருக்குப் பதவியும் நாற்காலியும் உண்டு. நிதிநிலை அறிக்கைக்கு முன்பு, “இந்த வரி வரலாம்” என்று ஓர் அதிகாரி நிருபரின் காதில் போட்டுவைப்பார். மக்கள் முகம் சுளித்தால் சத்தமில்லாமல் கைவிட்டுவிடலாம். நிருபர் செய்வது ‘ஸௌ ஃபுங்’, காற்றை வாங்குதல்.

பழையஏடு:
அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள் ஐயா. சிறைக்கைதிகளைச் சற்று நேரம் முற்றத்தில் உலவவிடுவதற்கும் இதே சொல்தான். அதிகாரி விட்டது பொய்யாகிப்போனால்? நாற்காலியிலிருந்து வந்தால் புரளி புனிதமாகிவிடுமா?

கவுலூன்வாசி:
பொய்க்குத் தனிச்சொல் இருக்கிறது: ‘லௌ லியு’, போலிச் சரக்கு. 2003 ஏப்ரல் 1, சார்ஸ் பரவிய நேரம். 14 வயதுப் பையன் ஒருவன் நாளிதழின் இணையப் பக்கம் போலவே ஒன்றைச் செய்து, ஹாங்காங் நோய் பரவிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டதாகப் போட்டுவிட்டான். கடைகளில் அரிசிக்கு அடிதடி. அரசு சுமார் 60 லட்சம் கைபேசிகளுக்கு மறுப்புக் குறுஞ்செய்தி அனுப்பியது. அதைப் போய் யாராவது ஃபோங் ஃபுங் என்பார்களா?

பழையஏடு:
என் கேள்வி அதிகாரியைப் பற்றியது. நீங்கள் பையனைக் காட்டுகிறீர்கள்.

சொல்தேடி:
இருவரும் பொறுங்கள். அடுத்த பத்தியில் ‘துங் ஸொய்’ வருகிறதே. சோதனை வரப்போவதைக் கடைக்காரருக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

பழையஏடு:
நீரைச் செலுத்துதல். ‘துப்புக் கொடுத்தார்’ என்று எழுதுங்கள். தேர்வறையில் விடை சொல்லித்தருவதற்கும் அதே சொல். தெருக்கடைக்காரர்கள் அதிகாரிகள் வருகிறார்களா என்று பார்க்க முனையில் ஓர் ஆளை நிறுத்துவார்கள். அவன் வேலை ‘தாய் ஸொய்’, நீர் பார்ப்பது. (பணத்தையும் நீர் என்பார்கள், குழம்பிவிடாதீர்கள்.)

கவுலூன்வாசி:
‘துப்பு’ வேண்டாம். தமிழில் அது போலீஸுக்குக் கொடுப்பது. போலீஸிடம் காட்டிக்கொடுப்பது அங்கே ‘டுக் ஃபுய்’. துங் ஸொய் தப்பிக்கவைக்கும், டுக் ஃபுய் மாட்டிவிடும். ‘தகவலைக் கசியவிட்டார்’ போதும்.

சொல்தேடி:
சரி. முதல் வரியை “காற்றில் விட்டுப் பார்த்தார்கள்” என்று மாற்றிவிட்டேன்.

பழையஏடு:
வாக்குறுதியைத்தானே நாம் காற்றில் விடுவோம்! “செய்தியைக் கசியவிட்டு ஆழம் பார்த்தார்கள்” என்று எழுதுங்கள்.

கவுலூன்வாசி:
அட, இதை ஏற்கிறேன்.

சொல்தேடி:
ஏற்றுக்கொண்டீர்கள், சரி. ஆனால் இப்போது இரண்டு பத்தியிலும் ‘கசியவிட்டு’ வருகிறதே!